விரலுக்கேற்ற வீக்கம்

பரீட்சை முடிந்ததும் நம் வீடுகளில் எழும் கோரிக்கை, “அப்பா, கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வேண்டும்” என்பது. விளையாட்டுக்கா இத்தனை செலவு என்று சீறுவதும் சரியல்ல. விசாரிக்காமல் விலை உயர்ந்ததை வாங்கிக் கொடுப்பதும் சரியல்ல. எந்தக் கார்டு என்பதைக் கடைக்காரரல்ல, வீட்டிலுள்ள பழைய பெட்டியே தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மும்பை அன்பர்கள் லாமிங்டன் சாலைக்குக் கிளம்புமுன், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பவர் சப்ளை எத்தனை வாட்? கார்டுக்கென்று தனி ஒயர் உண்டா? மதர்போர்டின் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்குத் தனி ஒயர் அவசியம்.

பெயரை மட்டும் நம்பவும் கூடாது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 2022இல் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட் கேட்கும். 2024இல் வந்த 6 ஜிபி கார்டுக்கு 70 வாட் போதும். வேகம் சற்றுக் குறைவுதான். ஆனாலும் சிறிய பவர் சப்ளை உள்ள பெட்டிக்கு இதுவே உகந்தது என்பேன்.

பெரிய கார்டு வாங்கினால் பவர் சப்ளையையும் மாற்ற நேரும். அதில் மிச்சம் பிடிக்கப் போய் மட்டமான சரக்கைப் போட்டால் மொத்தப் பெட்டிக்கும் ஆபத்து. வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சும் பணம் நமக்கு அருமையானது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். விரலுக்கேற்ற வீக்கம் எது என்று அவர்களே கண்டுகொள்வார்கள்; அப்பா மறுத்துவிட்டார் என்ற மனத்தாங்கலும் இராது.