கப்பற் கொடியும் செங்கொடியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் வீட்டுத் திண்ணைக்கு ஓர் அம்மாள் வந்தார். காலஞ்சென்ற அவருடைய கணவர் தோணித் தண்டலாக இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் கட்டடச் சாமான்களும் ஏற்றிச் சென்று, தென்மேற்குக் காற்று எழும்பும் மாதங்களில் மட்டும் கரையில் தங்கியவர். மகன் நம்மிடம் சரித்திரம் படித்த பையன். இப்பொழுது பெரிய கப்பலில் மாலுமி. ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்து லீவில் ஊர் வந்திருக்கிறான். உட்காரச் சொன்னோம், அம்மாள் உட்காரவில்லை.

"ஸார், நீங்க சொன்னா அவன் கேப்பான். சங்கம், செங்கொடின்னு எதிலயும் பேரு குடுக்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. கப்பல்ல கொடி பிடிச்சவனுக்கு மறுபடி கப்பல் கிடைக்காதாம்."

பேசிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டு அவரை அனுப்பிவிட்டோம். ஆனால் என்ன பேசுவது? சரித்திர வாத்தியார்களுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. இன்றைய கேள்விக்கு விடை வேண்டுமென்றால் நூறு வருஷம் பின்னால் நடந்துபோய்த்தான் தேடுவார்கள். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

கப்பல், கூலிக்காரன், கொடி என்ற மூன்றும் ஒரே இடத்தில் கூடிய ஊர் நம் நாட்டில் எது என்று கேட்டால், பம்பாயும் கல்கத்தாவும் முன்னே ஓடிவரும். ஆயினும் தூத்துக்குடியின் வழக்கு மிகப் பழையது. 1906 அக்டோபரில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். மறு வருஷம் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிரியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. போதாக்குறைக்குப் பிரயாணிகளுக்குக் குடை இனாமாகக் கொடுத்தது என்றும் சொல்வார்கள். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் வருகிறது. பாடப் புத்தகம் சற்று அவசரமாகத் தாண்டிச் செல்லும் விஷயம் ஒன்று உண்டு.

பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிக்கு இவ்வூரில் ஏஜெண்டுகள் யார்? ஹார்விகள். கோரல் மில் யாருடையது? ஹார்விகளுடையதே. 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி அந்த மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்று பேசினார்கள். ஊரார் அரிசி கொடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள். மார்ச்சு முதல் வாரத்திலேயே முதலாளி இறங்கிவந்து சம்பளத்தை உயர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. அடுத்த சில நாட்களில், மார்ச்சு 12-ஆம் தேதி, பிள்ளை கைதானார். ஜூலையில் நாற்பது வருஷத் தீவாந்தர சிக்ஷை. அப்பீலில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அவர் சிறையில் செக்கிழுத்துக் கொண்டிருந்த காலத்திலேயே கப்பல் கம்பெனி தலை சாய்ந்துவிட்டது.

திலகர் தண்டிக்கப்பட்டதையும், அதற்காகப் பம்பாய் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்ததையும் வியந்து, அதே 1908-ஆம் வருஷத்தில் லெனின் ஒரு கட்டுரை எழுதினார். அதில் தூத்துக்குடி இல்லை. சமாசாரம் அவ்வளவு தூரம் போய்ச் சேரவில்லை போலும்! இந்தியாவில் அப்பொழுது கம்யூனிஸ்டு என்ற பெயரில் ஒருவர்கூடக் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அன்று முதலாளியும் அந்நியன், ஆளுகிறவனும் அந்நியன். ஆகவே கூலிக்காரனுக்காகப் பேசுவதும் தேசத்துக்காகப் பேசுவதும் ஒரே பேச்சாக இருந்தன. அந்தச் சௌகரியம் பிற்காலத்தவர்க்கு வாய்க்கவில்லை.

இனி மாலுமியின் கதைக்கு வருவோம். மில் தொழிலாளி வேலையை நிறுத்தினால் வீட்டுக்குப் போய்விடலாம். மாலுமி எங்கே போவான்? நடுக்கடலில் பலர் சேர்ந்து காப்டனின் உத்தரவை மறுத்தால் சட்டத்தில் அது குற்றம். அந்நியத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கினால் 'ஓடிப்போனவன்' என்று பெயர், அதற்கும் சிறை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் இருந்த இந்த விதிகள், சுதந்திர இந்தியாவின் 1958-ஆம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டத்திலும் இடம் பெற்றன. மாலுமி வேலை நிறுத்தம் செய்யத் தக்க தருணம், கரையில் நின்றபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்திய நிமிஷந்தான். அந்த நிமிஷத்திலோ அவன் கடன்காரனாக இருப்பான்.

கடன் எப்படி வந்தது? கப்பலுக்கு ஆள் சேர்க்கும் செராங்குக்கும் தரகருக்கும் கொடுத்த லஞ்சத்தினால் வந்தது. இந்தத் தரகு முறையை ஒழிக்கவேண்டும் என்று கிளௌ கமிட்டி 1922-லேயே சொல்லிற்று. ராயல் தொழிற் கமிஷன் 1931-ல் மறுபடி சொல்லிற்று. பம்பாயிலும் கல்கத்தாவிலும் சர்க்கார் மாலுமி வேலை ஆபீஸ்கள் ஏற்பட 1950-களின் நடுப்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. நம் சர்க்கார்கள் கமிட்டி அறிக்கைகளை ஊறுகாய்போல் பாவிப்பவை; நாளாக ஆகத்தான் பதம் வரும் என்று நினைக்கிறார்கள்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குச் சற்று முன்பு பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய 50,000 இந்திய மாலுமிகள் இருந்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் நாலில் ஒருவர் நம்மவர் என்று கணக்கு. சிலேட், நவகாளி, ரத்னகிரி, கோவா என்று பல பிரதேசத்தார், தமிழர் சிலரே. வெள்ளை மாலுமி வாங்கிய சம்பளத்தில் நாலில் ஒரு பங்குகூட இவர்களுக்குக் கிடையாது. 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டவுடன், குண்டுக்கும் நீர்மூழ்கிக்கும் நடுவே இந்தச் சம்பளத்துக்குப் போகமாட்டோம் என்று பிரிட்டிஷ் துறைமுகங்களில் கப்பல் கப்பலாக மறுத்தார்கள். பலர் சிறை சென்றார்கள். லண்டனில் அவர்களுக்காக அலைந்தவர், ஒரிஸாவைச் சேர்ந்த சூரத் அலி. இடதுசாரிகளோடு நெருங்கியவர். கல்கத்தாவில் அப்தாப் அலியும் பம்பாயில் தினகர் தேசாயும் சங்கங்களை நடத்தினார்கள். முடிவில் சம்பளம் உயர்ந்தது. யுத்த போனஸும் வந்தது. அந்த யுத்தத்தில் உயிர் துறந்த இந்திய மாலுமிகள் ஆறாயிரத்துக்கும் மேல்.

நம் அம்மாள் அஞ்சும் செங்கொடி தமிழ் நாட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், அதையும் ஒரு மாலுமியே கொண்டுவந்தார் என்று சொல்லவேண்டும். அமீர் ஹைதர் கான் ராவல்பிண்டி ஜில்லாவில் ஒரு கிராமத்தில் 1900-ல் பிறந்தவர். 1914-ல், மீசை முளைக்காத வயதில், பம்பாயில் கப்பலேறினார். கப்பலிலேயே உலகம் சுற்றி, அமெரிக்கா சேர்ந்து, அங்கிருந்து 1926-ல் மாஸ்கோவின் கீழ்நாட்டுத் தொழிலாளர் சர்வகலாசாலைக்குப் படிக்கப் போனார். 1928-ல் பம்பாய் திரும்பினார். மறு வருஷம் மீரத் சதி வழக்கில் பிடிபடாமல் தப்பி மீண்டும் மாஸ்கோ போனார். 1931-ல் சென்னைக்கு வந்து, 'சங்கர்' என்ற பெயரில், இளம் தொழிலாளர் லீக் என்று ஒன்றை அமைத்தார். ஆந்திரத்து சுந்தரய்யாவைக் கட்சிக்குள் இழுத்தவர் அவரே. 1932-ல் கைதானார். தமிழ் தெரியாத பஞ்சாபி முஸ்லிம் ஒருவர், ஹிந்துப் பெயர் வைத்துக்கொண்டு, சென்னையில் கட்சி கட்டிய விந்தையை எந்த நாவலாசிரியராவது எழுதியிருந்தால் 'நம்பத் தகாதது' என்று விமர்சகர்கள் தள்ளியிருப்பார்கள்!

அவருக்கு முன்பே எம். என். ராய் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய பத்திரிகைகளும் கடிதங்களும் மாலுமிகளின் துணிமூட்டைக்குள் வந்துகொண்டிருந்தன. சென்னையில் 1923-ல் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர்மேல் மறு வருஷம் கான்பூர் சதி வழக்குப் பாய்ந்ததற்கு அப்படிப்பட்ட கடிதங்களே சாட்சி. இந்தப் புஸ்தகங்களைத் தடுக்கச் சர்க்கார் பயன்படுத்தியது எந்தச் சட்டத்தை என்கிறீர்கள்? 1878-ஆம் வருஷத்துக் கடற்சுங்கச் சட்டத்தை. மார்க்ஸும் சாராயமும் ஒரே சட்டத்தின் கீழ்ப் பிடிபட்டார்கள்.

இவ்வளவும் அவர்களுக்குப் பெருமையே. ஆனால் நியாயத் தராசின் மற்றத் தட்டையும் பார்க்கவேண்டும். 1939-ல் ஏகாதிபத்திய யுத்தத்துக்கு உழைக்காதே என்று சொன்ன கட்சி, ஹிட்லர் ருஷ்யாவைத் தாக்கியபின் அதே யுத்தத்தை 'மக்கள் யுத்தம்' என்றது. வேலை நிறுத்தம் கூடாது என்றது. 1942 ஜூலையில் அதன்மேல் இருந்த தடை நீங்கிற்று. அடுத்த மாதம் காங்கிரஸ்காரர் சிறைக்குள் போனார்கள். மாலுமியின் வயிறு இரண்டு வருஷத்திலும் ஒன்றேதான். காற்று மட்டும் மாஸ்கோவிலிருந்து திசை மாறி வீசியது. பிறகு 1945-ல் காற்று மறுபடி சாதகமாயிற்று. இந்தோனேஷியாவை மீண்டும் அடிமைப்படுத்தப் புறப்பட்ட டச்சுக் கப்பல்களை ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் பகிஷ்கரித்தார்கள். அவர்களுடைய சங்கத் தலைவர்கள் கம்யூனிஸ்டுகள். ஸிட்னியில் இந்திய மாலுமிகளும் அந்தக் கப்பல்களை விட்டு இறங்கினார்கள். தம் தேசமே இன்னும் விடுதலை பெறாதபோது மற்றொரு தேசத்தின் விடுதலைக்காகக் கூலியை இழந்தவர்கள் அவர்கள். எந்தக் கொடியின் கீழ் நின்றால் என்ன, அதற்குத் தலை வணங்குகிறோம்.

கப்பலும் நம்முடையதாகிவிட்டால் என்ன செய்வது? இதுதான் சிதம்பரம் பிள்ளைக்கு எழாத கேள்வி. 1961 அக்டோபர் 2-ஆம் தேதி, கிழக்கு, மேற்கு என்றிருந்த இரு சர்க்கார் கம்பெனிகளை இணைத்து இந்தியக் கப்பற் கழகம் 19 கப்பல்களோடு ஏற்பட்டது. 1974-ல் தமிழ்நாடு சர்க்காரின் பூம்புகார் கப்பல் கழகம் பிறந்தது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்குக் கரி சுமந்தது. பங்குதாரர் யார்? ஜனங்கள். அப்படியானால் மாலுமி யார்மேல் வேலை நிறுத்தம் செய்கிறான்? தன்மேலேயா?

சோவியத் ருஷ்யா இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டது. அங்கே கப்பலெல்லாம் சர்க்காருடையவை. ஒவ்வொரு பெரிய கப்பலிலும் காப்டனுக்குப் பக்கத்தில் ஓர் அரசியல் உதவியாளர். இயந்திரமும் பார்க்கமாட்டார், சுக்கானும் பிடிக்கமாட்டார். யார் என்ன படிக்கிறான், அந்நியத் துறைமுகத்தில் யாரோடு பேசுகிறான் என்று பார்ப்பதே அவர் உத்தியோகம். சங்கம் உண்டு, வேலை நிறுத்தம் கிடையாது. தொழிலாளியின் ராஜ்யத்தில் தொழிலாளிக்குக் குறை ஏது என்று வாதம். 1980 ஆகஸ்டில் போலந்தின் கடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தியபோது அந்த வாதம் கிழிந்தது. அந்தத் தளத்துக்குப் பெயர் லெனின் தளம்!

சர்க்கார் முதலாளியாக இருப்பது நம் கடற்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பு எந்தக் காலத்திலும் ராஜாங்கத்தின் சொத்து. குளிகாரனுக்குச் சம்பளமில்லை; எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. சுறாவை மந்திரத்தால் கட்டுகிற 'கடல் கட்டி' கரையில் இல்லாவிட்டால் ஒருவனும் நீரில் இறங்கமாட்டான். மந்திரத்தில் நம்பிக்கையில்லாத வெள்ளைக்காரச் சர்க்காரும் அந்தக் கடல் கட்டிக்குப் படி அளந்தது. ஆள் மூழ்கவேண்டுமென்றால் அவன் பயத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நின்றுபோயிற்று. கப்பற் கழகத்தையும் தனியாருக்கு விற்றுவிடலாம் என்று 2019 நவம்பரில் மத்திய மந்திரிசபை தீர்மானித்தது. செங்கொடிக்காரரோ, தேசத்தின் சொத்தை விற்காதே என்று கூச்சலிட்டார்கள். 1908-ல் பிரிந்திராத இரண்டு பேச்சுகள் அங்கே மறுபடி சந்தித்துக்கொண்டதைக் கண்டு நமக்குச் சற்று வேடிக்கையாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

பையன் மறுநாள் வந்தான். பழைய துறைமுகத்துத் தோணிகளைப் பார்த்தபடி நடந்தோம். பெரிய கப்பல்கள் ஐந்தாறு மைலுக்கு அப்பால் நிற்க, தோணிகளே சரக்கைக் கரை சேர்த்த காலம் ஒன்று இருந்ததை அவனுக்குச் சொன்னோம். அவன் நம் சரித்திரத்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அவனுடைய விஷயம் வேறு. வேலை வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்டு பெருந்தொகை வாங்கிக்கொண்டான். கப்பலோ ஏதோ ஒரு தேசத்துக் கொடியைக் கட்டிக்கொண்ட அந்நியக் கப்பல். மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. எந்தத் துறைமுகமோ, அங்கே மாலுமி சங்கத்துப் பரிசோதகர் ஒருவர் ஏறிவந்து, காப்டனிடம் கணக்குக் கேட்டு, பாக்கியை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"அவரு எந்தக் கட்சின்னு நான் கேக்கலை ஸார். அவரும் சொல்லலை."

இரண்டு மாதச் சம்பளம் நின்றால் அந்த மாலுமி கைவிடப்பட்டவனாகக் கருதப்படுவான், அவனுக்காகக் கப்பல்காரன் பண ஜாமீன் வைத்திருக்கவேண்டும் என்று சர்வதேசக் கடல் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை 2015-ல் ஏற்றது. இதை அவனுக்குச் சொல்லலாம் என்று வாயெடுத்தோம்; அவனுக்கு விதி எண்ணே தெரிந்திருந்தது. சங்கத்தில் சேராதே என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. சந்தா எங்கே போகிறது என்று வருஷா வருஷம் கணக்குக் கேள் என்றும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வரி விடாமல் படி என்றும் சொன்னோம். ஒரு நகலை எடுத்து நம்மிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னோம்.

நேற்று அம்மாள் வந்தார். பையன் கப்பலேறிவிட்டானாம். நகல் அடங்கிய உறையைக் கொடுத்துவிட்டு, "சொன்னீங்களா ஸார்?" என்று கேட்டார். சொன்னதைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் காயிதத்துல சம்பளத் தேதி எதுன்னு பாத்துச் சொல்லுங்க, நான் குறிச்சு வச்சுக்கிறேன்" என்று முந்தானையில் முடிந்திருந்த சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.