பொடக்காலித் தோட்டமும் வெள்ளாமைதான்!



இந்த நோட்டீசைக் கையில் வாங்கியதும் சிலருக்குச் சிரிப்பு வரும். "கரும்பு நிலுவை கேட்டீங்க, மஞ்சளுக்கு விலை கேட்டீங்க, சரி. இப்ப பொடக்காலியில நாலு தக்காளிய மயில் கொத்துனதுக்குமா போராட்டம்?" என்று டீக்கடையிலே ஏற்கனவே கேட்டுவிட்டார்கள். கேட்டவர் வெளியாள் அல்ல, நம்ம ஆள்தான். அவருக்கு ஒன்று சொல்கிறோம். மின்கட்டணத்தில் ஒரு பைசாவுக்காகப் போராடி, 1970-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான மண் இது. ஒரு பைசா சின்னது என்று அன்றைக்கும் சிரித்தவர்கள் இருந்தார்கள்.

பொடக்காலி என்றால் என்ன? வீட்டுக்குப் பின்னால் ரெண்டு செண்டு, மூணு செண்டு இடம். பாத்திரம் கழுவின தண்ணியும் குளிச்ச தண்ணியும் பாய்கிற இடம். பந்தலில் அவரையும் பீர்க்கும், குப்பைமேட்டில் அரசாணிக் கொடி, பாத்தியில் கத்திரி, மிளகாய், தக்காளி, வேலியோரம் முருங்கை, மூலையில் நாலு மரவள்ளிக் குச்சி. இதை வைத்துக் காப்பாற்றுவது முழுக்கப் பொம்பளைகள். காடு தோட்டம் இல்லாத கூலிக் குடும்பத்துக்கு இந்த ரெண்டு செண்டுதான் நிலம். சந்தைக்குப் போகாமல் வாரம் முழுக்கக் குழம்பு கொதித்தது என்றால் அது இங்கிருந்துதான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, அரசாங்கமே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு வைத்து விற்றது ஞாபகம் இருக்கிறதா? அந்த மாசம் பொடக்காலியில் நாலு செடி காய்த்த வீட்டுக்காரிக்குத் தெரியும் அதன் மதிப்பு.

அந்தத் தோட்டத்தைத்தான் இன்றைக்கு மூன்று பக்கமிருந்தும் தின்கிறார்கள். ஈரத்தில் நத்தை, பகலில் மயில், ராத்திரியில் காட்டுப்பன்னி.

முதலில் நத்தை. ஐப்பசி கார்த்திகை மழை பிடித்தால் ஓடில்லாத நத்தை ஒரு பக்கம், கையகல ஓட்டோடு பெரிய நத்தை ஒரு பக்கம். காலையில் போய்ப் பார்த்தால் கத்திரி நாத்து தண்டு மட்டும் நிற்கும், மண்ணில் வெள்ளிக்கோடு போட்ட மாதிரி சளி காய்ந்து கிடக்கும். இந்தப் பெரிய நத்தை நம்ம ஊர்ச் சரக்கே இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1847-ல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீசியசிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டார். நத்தை ஆராய்ச்சி செய்கிறவராம்! அவர் ஆராய்ச்சி முடிந்தது, நம்ம கீரைப் பாத்தி மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பது. மண்ணுக்குள் ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை வைக்கும். வெயில் காலத்தில் ஓட்டுவாயை அடைத்துக்கொண்டு தூங்கும். செத்துப்போச்சு என்று நாம் நினைத்தால் அடுத்த மழைக்கு எழுந்து வரும்.

இதற்காக நாம் அரசாங்கத்தின் வாசலில் போய் நிற்கப் போவதில்லை. நத்தைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, தண்டனையை நாமே கொடுக்கலாம். சாயங்காலம் சாக்கை நனைத்துப் பாத்தியோரம் விரித்து, அதன் அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் இலை போட்டு வையுங்கள். விடியக்காலம் சாக்கைப் புரட்டினால் கூட்டமாக ஒட்டியிருக்கும். பொறுக்கி உப்புக் கரைசல் வாளியில் போட்டு, செத்தபின் குழியில் புதையுங்கள். வெறுங்கையால் தொடவே கூடாது. நத்தையில் இருக்கும் ஒரு புழு மூளைக் காய்ச்சலைக் கொண்டுவரும். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாலே போதும். பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள். கீரையை நன்றாகக் கழுவி வேக வைத்துச் சாப்பிடுங்கள். சிலர் உப்பைக் கொண்டுபோய் நேராகப் பாத்தியிலேயே கொட்டுகிறார்கள். நத்தை சாகும், அதோடு மண்ணும் சாகும். பாத்தியைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளோ சாம்பலோ தூவலாம், மழை பெய்தால் மறுபடியும் தூவ வேண்டும். கடையில் விற்கிற நத்தை மருந்தைக் கோழியும் நாயும் தின்றால் அதுகளும் போய்விடும். பக்கத்து வீட்டுப் பொடக்காலியும் சேர்ந்து செய்தால்தான் பலன். தெருவே ஒரே நாளில் இறங்க வேண்டும்.

ஆக, எங்களால் ஆவதை நாங்கள் செய்கிறோம். நத்தையோடு வழக்கு முடிந்தால் இந்த நோட்டீஸ் அடித்திருக்கவே மாட்டோம்.

மயிலுக்கு வருவோம். முருகன் வாகனம், 1963 முதல் தேசியப் பறவை. கும்பிடுகிறோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விதை போட்டால் விதையைப் பொறுக்குகிறது, முளைத்தால் முளையைக் கிள்ளுகிறது, தக்காளி பழுத்தால் ஒரு பழத்தையும் முழுசாகத் தின்னாமல் எல்லாப் பழத்திலும் ஒரு கொத்து வைக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அடித்தால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை ஜெயில். பயிரை அழிக்கிறது என்று எந்த அதிகாரியும் அதைச் சுட அனுமதி கொடுக்க முடியாது. மனித உயிருக்கு ஆபத்தாக இருந்தாலோ, பிழைக்க முடியாத நோய் காயம் இருந்தாலோதான் கொடுக்கலாம். சரி, சட்டம் அது. மயிலை நாங்கள் அடிக்கவும் போவதில்லை. கை தட்டி விரட்டு, தகரத்தை அடித்து விரட்டு என்கிறார்கள். விரட்டலாம். கூலிக்குப் போன பொம்பளை காட்டில் நின்றுகொண்டு எப்படித் தகரம் அடிப்பாள்? வலை கட்டு என்கிறார்கள். பழைய மீன்வலையைக் கட்டினால் மயிலின் கால் சிக்கும், சாரைப்பாம்பு சிக்கும். அப்புறம் கேஸ் யார் மேலே?

காட்டுப்பன்னி வேறு ரகம். மயில் கொத்தினால் செடியாவது மிஞ்சும். பன்னி வந்தால் பாத்தியே இருக்காது, உழுதுபோட்ட மாதிரி ஆகிவிடும். மரவள்ளி, சேம்பு, சேனை ஒன்றும் தங்காது. முன்னே காட்டில் இருந்தது, இப்போது ஓடையிலும் குளத்திலும் சீமைக்கருவேல் புதரில் குடும்பம் குடும்பமாகக் கிடக்கிறது. அந்தப் புதர் நிற்பது எங்கள் பட்டாவிலா? பொறம்போக்கில். அந்தப் புதருக்குச் சொந்தக்காரர் அரசாங்கம்தான்!

2025 ஜனவரியில் வனத்துறை சட்டப்பேரவையில் ஓர் அறிவிப்புச் செய்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்னியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையே சுடும். ரொம்ப நாள் போராட்டத்துக்குக் கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மலையடிவாரத்து ஊர்களை நினைத்துப் பாருங்கள். சத்தியமங்கலம் காடு 2008-ல் சரணாலயம், 2013-ல் புலிகள் காப்பகம். அந்தக் காட்டை ஒட்டிய வீட்டின் பொடக்காலி எந்த வட்டத்தில் வரும்? முதல் வட்டத்தில். அதாவது எவன் வீட்டுக்குப் பன்னி தினமும் வருகிறதோ, அவனுக்கு ஒன்றும் கிடையாது. கேரளாவில் 2022-லேயே பஞ்சாயத்துத் தலைவருக்கு உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். நம்ம பக்கம் வனத்துறை ஆள் வந்துதான் ஆக வேண்டும். அவர் வருவதற்குள் பன்னி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்விடும்.

இழப்பீடு கேட்கலாமே என்பீர்கள். நம் சங்கத்துத் தாயார் ஒருவர் கேட்கத்தான் போனார். அறுபது வயசு தாண்டியவர், விதவை. முப்பது தக்காளிச் செடி, ஒரு பாத்தி சேம்பு, பந்தல் எல்லாம் ஒரே ராத்திரியில் போச்சு. மனு எழுதிக் கொடுத்தோம். "எத்தனை ஏக்கர் ஆத்தா?" என்று கேட்டார் அதிகாரி. "ஏக்கரா? ரெண்டு செண்டுங்க சாமி." "அடங்கல் இருக்கா?" நத்தம் மனையில் அடங்கல் எங்கேயிருந்து வரும்? பயிர்க் கணக்கில் இல்லாத பயிருக்கு நஷ்டமும் இல்லையாம். மனுவை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். அந்த அம்மா எங்களிடம் சொன்னது இதுதான்: "கணக்குல இல்லாத செடியத்தானே பன்னி தின்னுச்சு, அப்ப பன்னியும் கணக்குல இல்லைன்னு விட்டுருவாங்களா?"

நாமும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தோம். பயிரைக் காக்க அனுமதி கொடுக்கும் அந்த 11-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? "எந்த நிலத்திலும் நிற்கும் பயிர்" உட்பட சொத்து என்கிறது. பட்டா நிலம் என்று சொல்லவில்லை, நஞ்சை புஞ்சை என்று சொல்லவில்லை, இத்தனை ஏக்கர் என்று சொல்லவில்லை. எந்த நிலத்திலும்! சட்டத்தின் கண்ணுக்குப் பயிராகத் தெரிவது, அதிகாரியின் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

இன்னொன்று. 2025 ஜூலையில் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் என்று தொடங்கி, வீட்டில் வளருங்கள் என்று காய்கறி விதைப் பொட்டலம் கொடுத்தார்கள். நல்ல காரியம், வாங்கி விதைத்தோம். விதை கொடுக்கும்போது எங்கள் பொடக்காலி அரசாங்கத்துக்குத் தெரிந்தது. போட்டோவும் எடுத்தார்கள். விளைந்ததைப் பன்னி தின்றபிறகு அதே பொடக்காலி மாயமாகிப் போச்சு!

நம் பக்கத்துத் தப்பையும் மறைக்க வேண்டாம். நம்மில் சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். சோத்து உருண்டையில் மருந்து வைக்கிறார்கள். ஈ.பி. கம்பியிலிருந்து நேராக வேலிக்குக் கரண்ட் கொடுக்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம் அப்படிப்பட்ட வேலியில் 3 யானைகள் செத்தன. யானை மட்டுமா? ராத்திரி ஒதுங்கப் போன பொம்பளையும், பந்தை எடுக்கப் போன பிள்ளையும் அதே கம்பியைத்தான் தொடுவார்கள். சங்கம் இதை ஒருநாளும் ஆதரிக்காது. மாட்டிக்கொண்டால் ஜாமீன் எடுக்கச் சங்கத்துக்கு வராதீர்கள். சோலார் வேலி என்றால் விட்டு விட்டு அடிக்கும், உயிரை எடுக்காது. அதற்கும் பதிவு செய்ய வேண்டும் என்று 2023-ல் விதி வந்துவிட்டது, பதிந்தே போடுங்கள். நம்ம பாட்டன் காலத்துக் கிளுவை வேலி நெருக்கமாக இருந்தவரைக்கும் பன்னி நுழையச் சந்து இல்லை. கிளுவையை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டு நாலு கம்பி இழுத்தது நாம்தான். ஆடி மழைக்குக் கிளுவைக் குச்சி நடுங்கள், செலவில்லை. ஆனால் அது வேலியாக அடைய வருஷங்கள் ஆகும். அதுவரைக்கும் என்ன செய்வது?

அதனால் கேட்கிறோம். பொடக்காலித் தோட்டத்துக்குப் பஞ்சாயத்தில் ஒரு பதிவேடு போடு. விதைப் பொட்டலம் வாங்கிய வீட்டின் பெயர் உன்னிடமே இருக்கிறது, அதிலிருந்தே ஆரம்பி. மயிலோ பன்னியோ அழித்தால் ஏக்கர் கேட்காதே, வீட்டுக்கு இவ்வளவு என்று இழப்பீடு கொடு. அடிவாரத்தில் முதல் ஒரு கிலோமீட்டரில் இருக்கிற வீடுகளுக்குச் சுடுகிற உரிமை இல்லை என்றால், கம்பி வலை வேலியை அரசாங்கச் செலவில் போட்டுக் கொடு. ஓடைப் பொறம்போக்குச் சீமைக்கருவேலை வேரோடு எடு. எங்கள் கையைக் கட்டியது சரி என்றால், கட்டியவர்தான் காவலுக்கு நிற்க வேண்டும்!

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று, காலை 10 மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூடுகிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு மனு. எந்தத் தேதி, என்ன செடி, எத்தனை செடி, என்ன வந்து தின்றது என்று எழுதுங்கள். செல்போனில் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டு ஒட்டுங்கள். எழுத வராதவர்களுக்குச் சங்கக் கிளையில் புதன்கிழமை சாயங்காலம் எழுதித் தருகிறோம். மயில் கொத்திய தக்காளி, பன்னி தோண்டிய சேம்பு, ஒடிந்த பந்தக்கால் எல்லாவற்றையும் கூடையில் எடுத்து வாருங்கள். தாய்மார்கள் முன்வரிசை. பஸ் செலவுக்குக் கிளைத் தலைவரைப் பாருங்கள். நத்தையை மட்டும் யாரும் உயிரோடு கொண்டுவர வேண்டாம். கல்கத்தாவில் அந்த வெள்ளைக்காரர் செய்த வேலையை நாம் கலெக்டர் ஆபீசில் செய்ய வேண்டாம்.