போடிமெட்டு ஏற கார்பன் ஷூ எதுக்கு சாமி?

சிங்கப்பூரில் ஓட ஆரம்பிச்ச நம்ம ஆட்களிடம் புதுசா ஒரு பழக்கம் வந்திருக்கு. ஊருக்குப் போகும்போது சூட்கேஸில் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் இருந்த இடத்தில் இப்போ கார்பன் தகடு வச்ச ஷூ. "இந்த லீவுல போடிமெட்டு ஏறி ஓடப் போறேன். அக்கா பையனும் ஓடறான், அவனுக்கும் ஒண்ணு!"

சந்தோஷம், ஓடுங்க. ஆனா அந்தப் பையன்கிட்ட "இது இல்லாம மாரத்தான் ஓடவே முடியாதுடா"ன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

பேங்க்ல கடன் ஃபைல் பார்க்கிறவன் நான், கணக்காவே பேசுவோம். ஒரு ஜோடி 300 வெள்ளிக்கு மேல. ஊர்க் காசுக்கு இருபதாயிரத்தைத் தொடுது. 4% சக்தி மிச்சம்னு 2017-ல் வந்த ஆய்வைக் காட்டுவாங்க. சரிதான், ஆனா அதில் ஓடினவங்க வேகம் மணிக்கு 14 முதல் 18 கி.மீ. 2023-ல் மெதுவா ஓடறவங்களை வச்சுப் பார்த்தாங்க. 10 கி.மீ. வேகத்தில் சராசரி லாபம் 1% கூட தேறலை. மேட்டுல நம்ம வேகம் அதுக்கும் கீழே! இப்படி ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்தா முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பிடுவேன்.

ஷூவே வேண்டாம்னு சொல்லலை. அபேபே பிகிலா 1960-ல் ரோமில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார். 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டு இன்னும் மூணு நிமிஷம் குறைச்சார். ஆனா நம்ம சிவ்நாத் சிங் 1978-ல் ஜலந்தரில் ஓடின 2 மணி 12 நிமிஷத்தை 40 வருஷத்துக்கு மேல இந்தியாவில் யாரும் தாண்டலை. அவர்கிட்ட கார்பனா இருந்துச்சு?

போடிமெட்டு நம்ம ஈஸ்ட் கோஸ்ட் பார்க் இல்லைங்க. முந்தலில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவு. போடியில் இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல ஏற்றம். கீழே வெயில் கொளுத்தும், மேலே இடுக்கி எல்லையில் பஞ்சு மாதிரி மூடுபனி. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப்புகள் வரிசையா வரும். இந்த ரோட்டுக்கு எது தேவைன்னு யோசிங்க.

முதலில், காத்தையும் மழையையும் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட். சிரிக்காதீங்க. 2021 மே மாசம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டத்தில் திடீர்னு ஆலங்கட்டி மழையும் குளிர்காத்தும் அடிச்சு 21 பேர் செத்துப் போனாங்க. பலரும் டீ-ஷர்ட்டும் ஷார்ட்ஸுமா ஓடினவங்க. அந்தப் போட்டியில் ஜாக்கெட் கட்டாயம் இல்லை. நனைஞ்ச காட்டன் பனியனோட மலைக்காத்தில் நின்னு பார்த்தவங்களுக்கு இது புரியும்.

அடுத்து, வெளிச்சம் பட்டா மின்னுற மேல்சட்டை, தலையில் மாட்டுற ஒரு லைட்டு. பனியில் ஜீப் டிரைவருக்கு நீங்க தெரியணும். எதிர்ல வர்ற வண்டி உங்களுக்குத் தெரியற மாதிரி வலது பக்கமா ஓடுங்க.

மூணாவது சாக்ஸ். காட்டன் வேண்டாம், ஈரத்தைப் பிடிச்சு வச்சுக் கொப்புளம் போடும். தொடை இடுக்குக்கு வாஸ்லின். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்.

ஷூ? அடிப்பாகம் நல்லாப் பிடிக்கிற சாதாரண ஓட்ட ஷூ போதும். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது கடைக்குப் போங்க. விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்க. இல்லாட்டி இறக்கத்தில் விரல் முட்டி நகம் கறுத்துடும்.

எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு ஜோடி ஷூ காசில் பாதி கூட ஆகாது. மிச்சக் காசைப் பையன் கையில் கொடுங்க. முட்டையும் கடலையும் வாங்கித் தின்னட்டும். ஓடறது காலுங்க, தகடு இல்லை.