புரிந்ததா?

"புரிந்ததா?" என்று ஆசிரியை கேட்டால், புரியாவிட்டாலும் நாங்கள் தலையாட்டிவிடுவோம். கேலிக்கு அஞ்சியே இப்பழக்கம்.

1940களில் இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவரான அப்துல் கலாம், பறவை பறக்கும் விதம் புரியவில்லை என்று துணிந்து சொன்னார். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் சினங்கொள்ளவில்லை. வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் பறப்பதை நேரில் காட்டி விளக்கினார். அம்மாணவரே பின்னர் எஸ்.எல்.வி.-3 திட்ட இயக்குநராகி, 1980இல் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தினார்.

நம் காஞ்சியில் கடற்கரை இல்லை. சாயப் பட்டறை உண்டு. பட்டு நூலின் பசையைச் சோடா கலந்த கொதிநீர் நீக்குவதும் வேதியியல் பாடந்தானே? அதை நேரில் கண்டால் மறப்போமா?

பாடத்தை முடிப்பவரைவிட, கேள்வியை வரவேற்பவரே சிறந்த ஆசிரியர் என்பது எங்கள் கருத்து. இனி, புரியாதபோது தலையாட்ட மாட்டோம். எங்களைக் கடிந்துகொள்ளாதிருக்க ஆசிரியைகளை அன்புடன் வேண்டுகிறோம்.