நாக்கின் மேல் பழி

சர்க்கரை வியாதிக்காரியான ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுத்த முறை என்னுடையது. "நாக்கை அடக்குங்கள், அம்மா. எல்லாம் மனசுதான். மனசு திடமாக இருந்தால் இரண்டு இட்டிலியோடு கை நிற்கும்" என்றார் டாக்டர். "நானும் அதைத்தான் தினம் சொல்கிறேன்" என்று தலையை ஆட்டினார் கூட வந்த கணவர். அந்த அம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை.

வியாதிக்குப் பத்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 'மனசு' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு.

மனம் சீர்ப்பட்டால் சாப்பாடு சீர்ப்படும் என்கிறவர்கள் பாதி உண்மையைத்தான் பேசுகிறார்கள். சாப்பாடு சீர்கெட்டால் மனம் கெடும் என்ற மறுபாதியை விழுங்கிவிடுகிறார்கள். 1944-ல் அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனை தொடங்கினார். தாமாக முன்வந்த 36 இளைஞர்கள் அதற்கு உட்பட்டார்கள். ஊரெல்லாம் யுத்த ஆவேசத்தில் இருந்தபோது, ஆயுதம் தொட மாட்டோம் என்று கொள்கைக்காக மறுத்தவர்கள் அவர்கள். மனத்திடத்துக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அவர்களுக்கு 24 வாரம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு போட்டார்கள். உடல் எடையில் கால்வாசி போயிற்று. போனது அது மட்டுமா? சமையல் புத்தகங்களை வேதம் போல் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள், பேச்சு, சிரிப்பு எல்லாவற்றையும் மறந்து சோர்ந்து கிடந்தார்கள். மறுபடி வேண்டிய மட்டும் போட்டபோதும் சிலருக்கு எத்தனை தின்றும் போதவில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் விஞ்ஞானி நிறுத்துப் பார்த்தார்.

'இந்த அம்மாள் பட்டினியா கிடந்தாள்?' என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் அவள் வயிற்றைக் கேட்டு அவள் என்றைக்காவது சாப்பிட்டாளா? கணவர், பிள்ளைகள், விருந்தாளி எல்லோரும் எழுந்த பிறகு, பிற்பகல் இரண்டரை மணிக்கு அடுப்படியில் அவள் தட்டு. சோறு மிஞ்சினால், வீணாகக் கூடாதென்று அத்தனையும் அவள் வயிற்றில். குறைந்தால் ஒரு டம்ளர் மோர். அவளுக்கு அளவு சொன்னது பசி அல்ல, பாத்திரம். முப்பது வருஷம் இப்படிப் பழகிய மனம், 'இருக்கும்போதே தின்றுவிடு' என்று படித்துக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்? மாலையில் யாரும் பார்க்காமல் அவள் டப்பாவைத் திறந்து ஒரு பிடி மிக்ஸரை வாயில் போட்டுக்கொள்கிறாள். அதற்கு நாம் வைத்த பெயர் நாக்குச் சபலம்!

சோற்றைக் கொட்டினால் தரித்திரம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் நாம்தான். தின்றால் தீனிப்பண்டாரம் என்று சிரிக்கிறவர்களும் நாம்தான்.

டாக்டர் தம் சீட்டில் இன்னும் ஒரு வரி எழுதட்டும்: 'வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, சூடாக, பசித்த நேரத்தில் சாப்பிடவும்.'

அந்த மருந்தை முதலில் விழுங்க வேண்டியவர் அருகில் தலையாட்டிக்கொண்டிருந்தாரே, அவர்.