சுருட்டை முடியும் பனிச்சங்கேணிப் பயணமும்

நோன்பு விடுமுறை வந்தால் எங்கள் வீட்டில் பனிச்சங்கேணிப் பயணம் ஒன்று கட்டாயம் நடக்கும். பெருநாள் கழிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இரண்டு வேன் பிடித்து, புரியாணிச் சட்டியையும் வட்டிலாப்பத்தையும் ஏற்றிக்கொண்டு, வாழைச்சேனையைத் தாண்டி, காயான்கேணி, மாங்கேணி என்று திருகோணமலை வீதியில் போவோம். பாலத்தில் ஏறியதும் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். சின்னப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்க யன்னலுக்குப் பாய்வார்கள்.

அந்தப் பயணத்தில் ஒவ்வொரு வருடமும் மாறாமல் நடக்கும் இன்னொரு விடயம், புறப்படுகிற நேரத்துச் சண்டை. வீட்டில் எட்டுப் பெண்கள், ஒரு கண்ணாடி. வாசலில் வேன் ஹோர்ன் அடிக்கிறது. "இன்னும் தல வாரி முடியல்லயா புள்ள?" என்று வாப்பா சத்தம் போடுகிறார். எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள். என் முடி சுருட்டை. நனைந்தால் இடுப்பு வரை வரும், காய்ந்தால் தோளுக்குச் சற்றுக் கீழே சுருண்டு நின்றுவிடும். "அதான் சொல்ற, பாதிய வெட்டிப் போடு மகள். பர்தாக்குள்ள போற முடிதானே, யார் பாக்கப் போற?" என்பார் உம்மா.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். யாரும் பார்க்காத முடிக்கு ஏன் இவ்வளவு பாடு என்கிறார்கள். யாரும் பார்க்காத முடி என்றால், அதை நேராக்கச் சொல்லி எங்களை ஏன் இவ்வளவு பேர் நெருக்குகிறார்கள் என்பது என் கேள்வி.

சென்ற வருடப் பயணத்தில் என் ராத்தா கடலில் இறங்கவில்லை. நிக்காஹ் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு மாமி, "புள்ளக்கி எல்லாம் நல்லம், தலைதான் பரட்டை" என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வசனம் எங்கள் வீட்டில் நாட்கணக்காகக் கிடந்து உழன்றது. கடைசியில் ராத்தாவைப் பார்லர் ஒன்றுக்குக் கூட்டிப்போய் முடியை நிரந்தரமாக நேராக்கினார்கள். மருந்து பூசும்போது கண் எரிந்ததாம், தொண்டை அடைத்ததாம். போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கொடுத்த காசு வாப்பாவின் அரை மாதச் சம்பளம். பனிச்சங்கேணியில் நாங்கள் எல்லோரும் தண்ணீரில் கிடக்க, உப்பு பட்டால் முடி கெட்டுவிடும் என்று அவள் மட்டும் மர நிழலில் பாயை விரித்து, எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தாள். சிறு வயதில் எங்கள் எல்லோரையும் விட நன்றாக நீந்தியவள் அவள்.

உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் படிப்பதால் இதைக் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். நம் முடி கெரற்றின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளை வடிவில் வைத்திருக்கும் பிணைப்புகளில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று ஐதரசன் பிணைப்பு. தண்ணீர் பட்டாலே இது அவிழும், காயும்போது மறுபடி கட்டிக்கொள்ளும். சூடான ஸ்ட்ரெய்ட்னரால் இழுக்கும்போது மாறுவது இந்தப் பிணைப்புத்தான். ஆகவே களப்பும் கடலும் சேர்ந்து ஈரக்காற்றை வீசும் பனிச்சங்கேணிக்குப் போக முடியை ஸ்ட்ரெய்ட்னர் பிடிப்பது வீண் வேலை. பர்தாவுக்குள் வரும் வியர்வை போதும், பாலத்தைத் தாண்டுமுன் சுருள் திரும்பி வந்துவிடும். மற்றது இருசல்பைட்டுப் பிணைப்பு. அது தண்ணீருக்கு மசியாது. அதை மாற்ற இரசாயனம் வேண்டும், அல்லது 'கெரட்டின்' என்ற பெயரில் பார்லர்களில் செய்வதைப் போல, முடி இழைகளை வேறொரு பொருளால் பிணைத்து, மேலே சூடு வைத்து நேராகவே நிறுத்த வேண்டும்.

அந்த வகை மருந்துகள் பலவற்றில் போமல்டிகைட்டு இருக்கிறது, அல்லது சூடாக்கும்போது வெளிவருகிறது. நாங்கள் ஆய்வுகூடத்தில் தவளையைப் பழுதாகாமல் வைக்கப் பயன்படுத்தும் போமலின் அதன் கரைசல்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 ஆம் ஆண்டிலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2022 இல் வெளியானது. முடி நேராக்கும் மருந்தை ஒருபோதும் பாவிக்காதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பாவித்தவர்களில் 4.05 சதவீதம் என்றும் அது கணக்கிட்டது. இந்த ஆய்வு காரணத்தை நிரூபிக்கவில்லை, தொடர்பை மட்டுமே காட்டுகிறது. ஒரு தடவை செய்தவர்கள் பயந்து நடுங்கவும் தேவையில்லை. போமல்டிகைட்டு இல்லை என்று சொல்லி விற்கப்படும் சிலவற்றில் கிளையொக்சிலிக் அமிலம் இருக்கிறது. தூனிசியாவைச் சேர்ந்த 26 வயதுப் பெண்ணொருவருக்கு, அத்தகைய பூச்சுக்குப் பின்னர் மூன்று முறை சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024 இல் மருத்துவச் சஞ்சிகையொன்று பதிவு செய்தது. ஒரு மாமியின் சிரிப்புக்காக இந்த விலையா?

மார்க்கமும் இந்த விடயத்தில் எங்களை நெருக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் தலைமுடி கடுஞ்சுருளாகவும் இருக்கவில்லை, படிந்த நேர்முடியாகவும் இருக்கவில்லை என்று அனஸ் (ரழி) அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. முடி உள்ளவர் அதைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்ற கருத்து அபூதாவூதில் இருக்கிறது. கண்ணியப்படுத்துவது என்றால் கவனித்துப் பேணுவது என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். பொசுக்குவது அதில் சேராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பனிச்சங்கேணி என்ற பெயரைக் கேட்டால் பனிச்சை மரம் நின்ற கேணி என்றுதான் யாருக்கும் விளங்கும். அந்த மரத்துக் காயின் சாற்றில் மீன்வலைகளைத் தோய்த்து உரமேற்றுவார்கள். ஆனால் அகராதியில் பனிச்சைக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. பழந்தமிழர் பெண்களின் கூந்தலை முடிக்கும் முறை ஐந்து என்று சொல்லி, அதற்கு ஐம்பால் என்று பெயர் வைத்திருந்தார்கள். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்பது அதில் ஒரு வரிசை. பனிச்சை இருக்கிறது, சுருளும் இருக்கிறது. தமிழ்ப் பாட ஆசிரியை இதைச் சொன்ன அன்று வகுப்பில் சுருட்டை முடிக்காரிகள் நாங்கள் நான்கு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

சரி, ஹோர்ன் அடிக்கிறதே, அதற்கு என்ன செய்வது? நான் இரண்டு வருடமாகச் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

காலையில் வாராதீர்கள். சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் வாரினால் சுருள் பிரிந்து பஞ்சாகிவிடும், உடையவும் செய்யும். எங்கள் தலைத்தோலின் எண்ணெய் வளைவு வளைவாக இறங்கி நுனிக்குப் போய்ச் சேருவதில்லை, அதனால்தான் நுனி எப்போதும் வறண்டு கிடக்கிறது. முதல் நாள் இரவே முடியை நனைத்து, தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவி, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்துக்கொண்டு வாருங்கள். வேர்ப் பக்கமிருந்து தொடங்கினால் எல்லாச் சிக்கும் கீழே சேர்ந்து ஒரே முடிச்சாகும். ஈர முடி இழுபடும், மெதுவாகச் செய்ய வேண்டும். உம்மும்மா எங்களுக்கு எண்ணெய் வைத்தபோது நாங்கள் மூக்கைச் சுளித்தோம். தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003 இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்த பிறகு, உம்மும்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லையே தவிர, எண்ணெய்ப் போத்தலை நானே தேடி எடுக்கிறேன்.

பிறகு முறுக்கு. மூன்று கால் பின்னலுக்குக் கண்ணாடி வேண்டும், நேரமும் வேண்டும். இரட்டை முறுக்குக்கு எதுவும் வேண்டாம். முடியை இரண்டாகப் பிரியுங்கள். இரண்டையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்குங்கள். பின்னர் ஒன்றோடொன்றை இடப்பக்கமாகச் சுற்றுங்கள். தும்புக் கயிறு திரித்தவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள்: எதிர்த்திசையில் சுற்றினால்தான் கயிறு தானாகப் பிரியாது. சுருட்டை முடி தானே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், நுனியில் ஒரு துணி பேண்ட் போதும். இறுகப் போட வேண்டாம், நெற்றியோர முடி உதிரும். அதைப் பிடரியில் தாழ்வாகச் சுற்றி ஒரு கிளிப் குத்தினால் பர்தாவுக்குள் அடங்கிவிடும். உச்சியில் மேடாகக் கட்டுவதை மௌலவிமார் ஒட்டகத் திமில் ஹதீஸைச் சொல்லிக் கண்டிப்பார்கள். சுருட்டைக்காரிகளுக்கு அதை விட உடனடிக் காரணம் ஒன்று உண்டு. பகல் முழுக்க அவ்வளவு பாரத்தை உச்சியில் சுமந்தால் அஸருக்கு முன் தலையிடி வந்துவிடும்.

கடலில் இறங்குமுன் முறுக்கின் மேல் நல்ல தண்ணீரை ஊற்றி நனைத்துக்கொள்ளுங்கள். நனைந்த முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். ஏறிய பிறகு, முறுக்கை அவிழ்க்காமல் இரண்டு போத்தல் நல்ல தண்ணீரை வேரிலிருந்து ஊற்றிக் கைகளால் பிழியுங்கள். தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், கரையோரக் கிணறுகள் சில சவர். துவாயால் தேய்க்க வேண்டாம். வாப்பாவின் பழைய பருத்திச் சாரனால் ஒற்றியெடுப்பது போல இன்னொன்று இல்லை.

தொழுகைக்கு அவிழ்க்க வேண்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். வுழூவில் தலைக்கு மஸஹ்தான், அதுவும் ஷாபிஈ மத்ஹபில் சிறிதளவு தடவினாலே நிறைவேறும். கடமையான குளிப்புக்கும் பின்னலை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா (ரழி) நபியவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். வேண்டாம், மூன்று கை தண்ணீர் ஊற்றினால் போதும் என்ற பதில் முஸ்லிமில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே சேராதபடி இறுகியிருந்தால் மட்டும் அவிழ்க்க வேண்டும் என்று ஷாபிஈ அறிஞர்கள் விளக்குகிறார்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு பெண் தன் பின்னலைப் பற்றி வெட்கப்படாமல் கேட்டதால் எங்களுக்கு இன்று இலகு கிடைத்திருக்கிறது.

இனி, இதைப் படிக்கும் பெற்றோருக்கு. சுற்றுலாவில் ஆண்பிள்ளைகள் கடலிலிருந்து ஏறி, தலையை ஒரு உதறு உதறிவிட்டுச் சாப்பாட்டுச் சகனில் உட்காருகிறார்கள். நாங்கள் உப்பு ஊறிய முடியின் மேல் ஈரப் பர்தாவோடு மாலை வரை இருக்கிறோம். கச்சான் காற்று எங்கள் உடுப்பைத்தான் காயவைக்கும், பர்தாவுக்குள் மடிந்து கிடக்கும் முடியை அல்ல. சூடும் ஈரமும் சேர்ந்த இடம் பங்கசுக்கு நல்ல இடம். பயணம் முடிந்து ஒரு கிழமைக்குத் தலை அரிப்பும் பொடுகும் மணமும் எங்களுக்கு மிச்சம். இதை வாப்பாமாரிடம் சொல்ல எங்களுக்குக் கூச்சம். சொல்லாததால் அவர்களுக்கும் தெரிவதில்லை. நாங்கள் கேட்பது பெரிய செலவு இல்லை. வேனில் ஒரு கான் நல்ல தண்ணீர், இரண்டு மரங்களுக்கு இடையில் கயிறு கட்டி இரண்டு சாரன் போட்ட ஒரு மறைப்பு, பத்து நிமிடம், மாற்றிக்கட்ட ஒரு காய்ந்த பர்தா. அந்தப் பத்து நிமிடமும் ஹோர்ன் அடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

உம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. "பரட்டை" என்ற சொல்லை வீட்டில் முதலில் சொல்வது நீங்கள்தான், பெண் பார்க்க வருகிறவர்கள் பிறகுதான் சொல்கிறார்கள். கோபிக்க வேண்டாம், என் உம்மாவிடமும் இதைச் சொன்னேன். "எனக்கும் சுருட்டதான் மகள், எங்கும்மா சின்னதுலயே ஒட்ட வெட்டிட்டா" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

இந்த வருடம் பெருநாள் கழிந்து நான்காம் நாள் போனோம். ராத்தாவின் தலையில் ஒரு சாண் புதிய சுருள் வளர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே பழைய நேர்முடி வைக்கோல் போலத் தொங்குகிறது, இரண்டும் சேரும் இடத்தில் உடைகிறது. அதை மறைக்க அவள் வழமை போலப் பிந்தினாள், வாசலில் ஹோர்ன் வழமை போல அடித்தது. "தலய அப்படியே மூடிக்கிட்டு ஏறுங்க ராத்தா, வேன்ல நான் போட்டுத் தாறன்" என்றேன். பின் ஆசனத்தில், யன்னல் திரையை இழுத்து விட்டு, எண்ணெய் தொட்டு முறுக்கினேன். மாங்கேணி வருமுன் முடிந்துவிட்டது. கடலில் முதலில் இறங்கியது அவள்தான். செருப்புகளுக்கு வாப்பா காவல் இருந்தார்.