ஊர்காவற்றுறை ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது?

ஒரு ட்ரோன் வீடியோவைப் பார்த்துத்தான் நாங்கள் ஆறு பேர் ஊர்காவற்றுறைக்கு வெளிக்கிட்டோம். நீலக் கடல், நடுவில் ஒரு கோட்டை, ஆளில்லாத தெரு. ‘அமைதியான இடம், கட்டாயம் போய்ப் பாருங்க’ என்று போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் போய், வேலணையைக் கடந்து, தீவின் மற்ற முனையில் இறங்கினோம். வெயிலைப் பற்றிச் சொல்லி வேலையில்லை.

போர்த்துக்கேயர் இங்கிருந்து யானைகளைக் கப்பலேற்றினார்கள். யானைகளின் துறை என்று அவர்கள் தங்கள் மொழியில் வைத்த பெயரில் யானை கழன்று போக, மிஞ்சியதுதான் ‘கயிட்ஸ்’. கரையில் ஒரு கோட்டை கட்டினார்கள், கடலுக்குள் இன்னொன்று. கடலுக்குள் இருந்ததை 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, உள்ளே குடிக்கத் தண்ணி இல்லாமல் சரணடைய வேண்டி வந்தது. (தீவுப்பகுதியில் நல்ல தண்ணிக்கு பவுசரைப் பார்த்துக்கொண்டிருக்கிற வீடுகள் இன்றைக்கும் இருக்கின்றன.) ஒல்லாந்தர் அதற்கு ஹமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கண்ணுக்கு இலங்கை ஒரு பன்றித் தொடை மாதிரித் தெரிந்ததாம், இது அதன் குதிப்பக்கம். எங்கட சனத்துக்கு அது கடற்கோட்டை.

இப்போது அது கடற்படை நடத்துகிற ஹோட்டல். கரையில் இருந்த கோட்டைக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. முருகைக்கல் சுவர் கொஞ்சம், பற்றை நிறைய. நாங்கள் அங்கே நின்று ஆசைதீரப் படம் எடுத்தோம், பொய் சொல்லக்கூடாது.

பிறகு தேத்தண்ணி குடிக்க ஒரு கடைக்குப் போனோம். “எங்க இருந்து பிள்ளையள் வாறியள்?” என்று கடைக்கார அம்மா கேட்டா. சொன்னோம். எங்களில் ஒருத்தி, “நல்ல அமைதியான ஊர் அன்ரி” என்றாள். அம்மா சிரிக்கவில்லை. “சனம் இல்லாட்டி அமைதியாத்தானே பிள்ளை இருக்கும்” என்றா.

எங்களுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

1990 இல் இராணுவம் தீவுப்பகுதியைப் பிடித்தபோது சனம் கையில் கிடைத்ததோடு ஓடியது. யாழ்ப்பாணத்துக்கு, பிறகு 1995 இல் அங்கிருந்தும் வன்னிக்கு, சிலர் கனடாவுக்கு, பிரான்சுக்கு. திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஊர் நிறையவில்லை. கூரையில்லாத வீட்டுக்குள் ஆலமரம் நிற்பதை ‘பழைய காலத்து அழகு’ என்று படம் எடுக்கிறோமே, அந்த வீட்டுக்கு முந்நூறு வயசில்லை. அதில் பிறந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், உறுதி சிலவேளை ஸ்கார்பரோவில் ஒரு அலுமாரிக்குள் இருக்கும். போர்த்துக்கேயன் போனதால் வந்த அமைதி இல்லை இது.

அதனால்தான் ‘அமைதியான கொலனித்துவ நகரம்’ என்று ஊர்காவற்றுறையை விற்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. இதை இன்னொரு காலியாக்குங்கோ என்றும் கேட்கவில்லை. காலிக் கோட்டை 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலுக்குப் போனது, சுவர்கள் தப்பின, ஆனால் உள்ளே வீடுகள் ஒவ்வொன்றாக ஹோட்டலும் கஃபேயும் ஆகிவிட்டன. எங்களுக்கு வேண்டியது சின்ன விஷயம். கரைக்கோட்டையில் பற்றையை வெட்டி மூன்று மொழியிலும் ஒரு பலகை வைக்கலாம். அதில் 1658 ஐப் போடுகிறவர்கள் 1990 ஐயும் போடவேணும். கடற்கோட்டைக்கு அறை எடுக்காதவர்களும் போய்வர, இந்த ஊர் மீனவர்களின் வள்ளங்களை விடலாம். காசு அவர்களுக்காவது போய்ச் சேரும்.

பின்னேரம் காரைநகருக்குப் போகிற பாதையில் ஏறினோம். மோட்டார்சைக்கிள்கள், ஒரு மூட்டை வெங்காயம், நாங்கள். முந்தி அந்தத் தெருவில் யார் யாருடைய கடைகள் இருந்தன என்று அம்மா விரல் மடித்து எண்ணத் தொடங்கியிருந்தா, பாதை வெளிக்கிடப் போகுது என்று நாங்கள்தான் அவசரப்பட்டு எழும்பிவிட்டோம். அடுத்த மாதம் கொப்பியோடு வாறம் என்று சொல்லியிருக்கிறோம்.